வாதி தல்ஹாவுக்கு ஒரு மழை

மேகம் கரையைத் தொட இன்னும் முப்பத்தொரு மணி நேரம் இருந்தபோது அந்தப் பெண் நிலையத்துக்கு வந்தார்.

வல்லி அவர் வந்ததைக் கவனிக்கவில்லை. திரையில் கடலுக்கு மேலே ஒரு வெள்ளைச் சுருள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெரும்பாலும் பெயர் வைப்பதற்குள் அதை உடைத்துவிடுவார்கள். இந்த நிலையம் இருப்பதே அதற்காகத்தான்.

"வல்லி, ஒரு பொம்பள வந்துருக்காங்க," என்றார் சதக்கு காக்கா. "மழைக்காரங்களப் பாக்கணுமாம்."

"நம்மளையா?"

"இந்தப் பாலைவனத்துல நம்மள விட்டா மழைக்காரங்க வேற யாரு?"

சதக்கத்துல்லாவின் ஊர் காயல்பட்டினம். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ட்ரோன் கொட்டகை அவர் பொறுப்பில் இருந்தது. அரபி தேவைப்படும் இடத்தில் எல்லாம் அவர்தான் நிலையத்தின் வாய். வல்லி கோவில்பட்டிக்காரி. முழுப்பெயர் செண்பகவல்லி. வளிமண்டல அறிவியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு இங்கே வந்தவள். வந்த புதிதில் அவரைக் 'காக்கா' என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அவள் ஊரில் அது பறவையின் பெயர். "எங்க ஊர்ல அண்ணனுக்கு அதாம்மா பேரு. பறந்துர மாட்டேன், தைரியமாக் கூப்பிடு," என்று அவர்தான் சிரித்தபடி பழக்கினார்.

வந்த பெண்ணின் பெயர் ஷம்ஸா. நாற்பத்தைந்து வயது இருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தேநீரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. திரையில் இருந்த வெள்ளைச் சுருளையே பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"மழைய எப்படி நிறுத்துறீங்கன்னு கேக்குதாங்க."

வல்லிக்குப் புதியவர்களிடம் பேச வராது. கேள்வி அறிவியலாக இருந்தால் மட்டும் கொஞ்சம் வரும்.

"நிறுத்த முடியாது. முன்னாடியே பெய்ய வைப்போம்," என்றாள். "மேகத்துல இருக்கிறது எல்லாம் பொடித் துளி. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கனம் வந்தாத்தான் கீழ விழும். ட்ரோன் உள்ள போய் மின்னூட்டம் ஏத்தின உப்புநீரைத் தெளிக்கும். பாதித் துளிக்கு ஒரு மாதிரி மின்னூட்டம், பாதிக்கு எதிர் மாதிரி. ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும். மேகம் கடல்லயே கொட்டித் தீர்த்துரும். கரைக்கு வெறும் காத்துதான் வரும்."

காக்கா மொழிபெயர்த்தார். அவர் பேசும்போது கைகள் ஆடின. ஷம்ஸா முதல் தடவையாகச் சிரித்தார்.

"என்ன சொன்னீங்க?"

"துளியெல்லாம் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க மாதிரின்னேன். ஒத்துப்போறவங்க ஒட்டிக்கிடுவாங்க, பேச்சுவார்த்தை இல்லாதவங்க தள்ளித் தள்ளி நிப்பாங்க. எல்லாம் ஒட்டிட்டா பந்தல் தாங்காது, விழுந்துரும்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீ சொன்னத அப்படியே சொன்னா யாருக்கும்மா புரியும்?"

அவருடைய மொழிபெயர்ப்பு எப்போதும் அப்படித்தான். இயக்குநர் திட்டி எழுதிய கடிதத்தை அவர் தொழிலாளிகளுக்கு வாசித்தால் அது விசாரிப்பு மாதிரி இருக்கும். தொழிலாளிகள் வைத ஏச்சு இயக்குநரிடம் போய்ச் சேரும்போது வேண்டுகோள் ஆகிவிடும். நிலையத்தில் சண்டை வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

ஷம்ஸா இப்போது நீளமாகப் பேசினார். குரல் உயரவில்லை. ஒரு இடத்தில் மலைப்பக்கம் கை நீட்டினார். ஒரு இடத்தில் தன் காலைத் தொட்டுக் காட்டினார். காக்காவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. 

"மழை வேணுங்காங்க," என்றார் கடைசியில். "ஒரே ஒரு தடவ. வாதி தல்ஹாவுக்கு."

"இவ்வளவு நேரம் பேசினாங்களே காக்கா?"

"அரபில எல்லாமே நீளம்தான். சலாம் சொல்லி நலம் விசாரிக்கவே கால் மணி நேரம் ஆவும்."

வாதி தல்ஹா எங்கே இருக்கிறது என்று வல்லிக்குத் தெரியும். வரைபடத்தில் தினமும் பார்ப்பாள். கடற்கரையிலிருந்து உள்ளே வந்தால் முதலில் ஸஃப்ரா நகரம். ஏழு மாடி உயரத்துக்கு வெறும் மண்ணால் கட்டிய கோபுர வீடுகள். அதைத் தாண்டினால் மலை. மலைக்குள் அந்தப் பள்ளத்தாக்கு; வாதி என்றால் மழை வந்தால் மட்டும் ஓடும் ஆற்றுப்படுகை. இரண்டுமே பாதுகாக்கப்பட்ட பாரம்பரிய இடங்கள். ஒன்று மனிதர் செய்தது, இன்னொன்று இயற்கை செய்தது. அதனால் ஸஃப்ரா பண்பாட்டுப் பிரிவின் கையில் இருந்தது, வாதி தல்ஹா இயற்கைப் பிரிவின் கையில். தலைநகரில் இரண்டு பிரிவுகளும் எதிரெதிர்க் கட்டடங்களில் இருந்தன. நடுவில் ஒரு கார் நிறுத்துமிடம்.

ஸஃப்ராவைக் கட்டியவர்களுக்கு மழை எப்போதாவது வரும் விருந்தாளி. வந்து சுவரைக் கொஞ்சம் கரைத்துவிட்டுப் போகும். கூடவே மலையிலிருந்து வாதி வழியாக வெள்ளம் இறங்கும். நகரத்தின் ஓரத்துப் பள்ளத்தில் வண்டல் படியும். ஊரே கூடை தூக்கிக்கொண்டு போய் அந்த வண்டலை அள்ளி, வைக்கோல் கலந்து, சுவருக்குப் பூசும். பிறகு கடல் சூடானது. புயல்கள் வழி மாறி இந்தப் பக்கம் வரத் தொடங்கின. ஒரே புயலில் ஒன்பது கோபுரங்கள் கரைந்தன. உலகமே பதறியது. நகரத்தின் மக்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், சுவரைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள், இந்த நிலையத்தை அமைத்தார்கள். நகரத்துக்கு ஒரு குடை. அன்றிலிருந்து ஒன்பது வருடமாக ஸஃப்ராவில் ஒரு சொட்டு விழவில்லை. குடையின் நிழல் நகரத்தோடு நிற்கவில்லை. நகரத்தைத் தாண்டிப் போகிற மேகம்தான் மலையிலும் பெய்யவேண்டும்.

இது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. ஆனால் யாருடைய வேலையும் இல்லை.

"அங்க எத்தனை குடும்பம்?" என்று வல்லி கேட்டாள்.

காக்கா அரபியில் ஏதோ கேட்டார். ஷம்ஸா அவரையும் வல்லியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"முப்பத்தேழு."

இயற்கைப் பிரிவின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அதிலும் முப்பத்தேழு என்றுதான் இருந்தது.

"குடிக்கத் தண்ணி?"

"கெணறு வத்திப் போச்சாம். கடைசிக் கெணறும்."

"அப்ப எப்படித் தாங்குறாங்க?"

காக்கா இதை மொழிபெயர்க்கவில்லை. "தாங்க முடியலம்மா," என்றார்.

வல்லி தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு வருடத்தில் பதினான்கு மேகங்களை உடைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் திரையில் கடல் சிவப்பாக மாறும். சிவப்பு என்றால் பலத்த மழை. கரிசல் காட்டில் வானத்தைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு, கடலில் பெய்கிற மழையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது எளிதாக இல்லை.  யாரிடமும் சொன்னதில்லை.

ஷம்ஸா எழுந்தார். வல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். அது நன்றி என்பது வல்லிக்கே புரிந்தது. இன்னும் எதுவும் செய்யவில்லையே என்று இருந்தது.

அவர் போன பிறகு வல்லி இயக்குநருக்குத் தொலைபேசினாள். அவர் தன்மையான மனிதர். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுவார்.

"வாதி தல்ஹா நம் பிரிவு இல்லையே, செண்பகா," என்றார். "இயற்கைப் பிரிவு நமக்கு ஏதாவது எழுதியிருக்கிறதா?"

"எழுதவில்லை சார். மழை அவர்கள் பொறுப்பில் இல்லை என்கிறார்கள்."

"சரிதான். மழை நம் பொறுப்பு. பள்ளத்தாக்கு அவர்கள் பொறுப்பு."

"சார், மேகத்தைக் கடலில் உடைக்காமல், ஸஃப்ராவுக்கு மேலே பெய்யவிடாமல் கடத்தி, மலைக்குக் கொண்டுபோக முடியும். நான் கணக்கு அனுப்பியிருந்தேன்."

"பார்த்தேன். நன்றாக இருந்தது. எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?"

"இல்லை சார்."

"அறுநூறு வருட நகரத்தின் தலைக்கு மேலேதான் முதலில் செய்து பார்க்க வேண்டுமா?" என்றார். கோபமே இல்லை. "வழக்கம்போல் கடலில் உடைத்துவிடுங்கள்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று வல்லிக்குத் தெரிந்தது. அவளும் ஸஃப்ராவை நேசித்தாள். வெள்ளிக்கிழமைகளில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அதன் சந்துகளில் தனியாக நடப்பாள். மேற்குத் தெருவில் ஒரு சுவர் முழுக்கக் கைத்தடம். பூச்சு ஈரமாக இருந்தபோது யாரோ பிள்ளைகள் வரிசையாக நின்று பதித்தது. ஒரு தடத்தில் ஆறு விரல். அந்தப் பிள்ளையைத் தனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றும்.

கொட்டகைக்குப் போனாள். காக்கா ட்ரோன்களின் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"காக்கா, எல்லாத் தொட்டியிலயும் ஒரே மின்னூட்டம் ஏத்தினா துளி சேராது. தள்ளித் தள்ளி நிக்கும். நகரத்தைத் தாண்டுற வரைக்கும் அப்படியே கொண்டுபோலாம். மலை வந்ததும் ரெண்டாவது கூட்டம் ட்ரோன் எதிர் மின்னூட்டத்தோட உள்ள போகணும்."

"பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரங்க."

"ஆமா."

"நகரம் நனஞ்சா?"

"நனையாது. கணக்குல நனையல."

"கணக்குல எங்க வாப்பா கப்பலே வாங்கியிருந்தாரு, புள்ள." கையைத் துடைத்துக்கொண்டார். "இயக்குநர் என்ன சொன்னாரு?"

வல்லி கழுவி வைத்திருந்த ஒரு தொட்டியின் மூடியைத் திருகினாள். காக்கா அவளையே பார்த்தார்.

"முப்பத்தேழு குடும்பம் காக்கா," என்றாள். "பிள்ளைங்க இருக்கும். ஒரு மழைக்கு அவங்க இவ்வளவு தூரம் வந்து கேக்கணுமா? வெறும் மண்ணுச் சுவர் நனையக் கூடாதுன்னு நாம தண்ணிய எடுத்துக் கடல்ல கொட்டுறோம்."

காக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "தொட்டிய எத்தன மணிக்கு நிரப்பணும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் அவங்களுக்குச் சொல்லிரணும். வெள்ளம் திடீர்னு வரும். வாதியோட படுகையில யாரும் இருக்கக் கூடாது. ஆடு மாடு கூட."

"ஒரு ஆளு கூட இருக்காது."

"நிச்சயமாச் சொல்லிருவீங்கல்லா?"

"ஒரு ஆளு கூட அங்க இருக்க மாட்டாங்கம்மா. அதுக்கு நான் பொறுப்பு."

மறுநாள் பிற்பகல் மேகம் கரையைத் தொட்டது. முதல் கூட்டம் ட்ரோன்கள் அதற்குள் போய்விட்டிருந்தன. கடல் சிவப்பாகவில்லை. வல்லி இந்த நிலையத்தில் முதல் தடவையாகக் கடலின் மேல் அந்த நிறம் வராமல் இருப்பதைப் பார்த்தாள். மேகம் கறுத்து, கனத்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் உள்ளே வந்தது. ஸஃப்ராவின் மேல் நிழல் விழுந்தது. நகரத்துக்கு வெளியே நின்ற சுற்றுலாப் பயணிகள் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நிலையத்தின் ஜன்னலிலிருந்தே நகரம் தெரியும். மஞ்சளாக இருந்த கோபுரங்கள் பழுப்பாயின.

"போகுது," என்றார் காக்கா. அவர் உதடுகள் வேறு எதையோ ஓதிக்கொண்டிருந்தன.

முக்கால்வாசி மேகம் தாண்டிவிட்டது. மலையில் காற்று மோதித் திரும்புவதை அவள் கணக்கில் சேர்த்திருந்தாள். எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதில்தான் பிழை. மேகத்தின் வால் மடங்கிப் பின்னால் வந்தது. இரண்டாவது கூட்டம் ட்ரோன்கள் முன்பக்கம் தெளித்த எதிர் மின்னூட்டம் அந்தக் காற்றோடு வாலுக்கும் வந்து சேர்ந்தது. திரையில் நகரத்தின் மேற்கு ஓரம் மஞ்சளானது. பிறகு சிவப்பு.

"வல்லி."

"தெரியுது."

செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. கால் மணி நேரம் ஸஃப்ராவின் மேற்குத் தெருவில் மழை பெய்தது. அவள் ஜன்னலுக்குப் போனாள். இடிவது பயங்கரமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. முதல் கோபுரம் ரொம்ப நேரம் நின்று களைத்தவர் உட்காருவதுபோல மெதுவாக உட்கார்ந்தது. அதன் மேல் சாய்ந்துகொண்டு இரண்டாவதும் உட்கார்ந்தது. இத்தனை தூரத்துக்குச் சத்தம் கேட்கவில்லை. மழை விட்டபோது அங்கே இரண்டு குவியல் இருந்தது. கைத்தடச் சுவர் எந்தக் குவியலில் என்று பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

திரும்பித் திரையைப் பார்த்தாள். மலை முழுவதும் சிவப்பு. வாதி தல்ஹா முழுவதும் சிவப்பு.

"பெய்யுது காக்கா," என்றாள். அழுதாள். அது எந்த அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. "அவங்க எல்லாரும் வெளிய வந்து நனைஞ்சுட்டு இருப்பாங்க, இல்ல?"

காக்கா திரைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். "நல்லாப் பெய்யுது," என்றார்.

வெள்ளம் அடுத்த நாள் காலையில் நகரத்தின் ஓரத்துப் பள்ளத்துக்கு வந்து சேர்ந்தது. வடிந்த பிறகு முழங்கால் ஆழத்துக்கு வண்டல் படிந்திருந்தது. பசையுள்ள, வழவழப்பான மண். இடிந்த இரண்டு கோபுரங்களையும் திரும்பக் கட்ட அது போதும் என்று பொறியாளர் ஒருவர் சொன்னார். ஆனால் அது இயற்கைப் பிரிவின் மண். அதை எடுத்துப் பண்பாட்டுப் பிரிவின் சுவரில் பூச இரண்டு அனுமதி வேண்டும். வல்லி இருந்தவரை ஒன்றுகூட வரவில்லை. வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது.

விசாரணை நடந்தது. அதற்கு முன்பு காக்கா அவள் அறைக்கு வந்தார்.

"ஷம்ஸா பேர எடுக்காத," என்றார். "பள்ளத்தாக்கு, குடும்பம், ஒண்ணையும் சொல்லாத. ட்ரோன் கோளாறுன்னு சொல்லிரு. கொட்டகை எம் பொறுப்பு. நான் ஏத்துக்கிடுதேன்."

"ட்ரோன் நல்லாத்தான் வேலை செஞ்சுது காக்கா."

"ஏ புள்ள, நான் சொல்லுறதக் கேளு. எனக்கு வயசாயிட்டு. ஊருக்குப் போனா ஒரு கடையப் போட்டுக்கிடுவேன். உனக்கு இதத் தவிர என்ன தெரியும்?"

அவள் கேட்கவில்லை. விசாரணையில் முடிவும் தன்னுடையது, கணக்கும் தன்னுடையது, தொட்டிகளை நிரப்பியவர் தன் உத்தரவைத்தான் செய்தார் என்றாள். இயக்குநர், "ஏன் செய்தாய்?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்தது. அவரும் அந்த நகரத்தில் பிறந்தவர் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சொல்லலாம் என்று நினைத்தாள். சொன்னால் நாளைக்குச் செய்தியில் அந்த முப்பத்தேழு குடும்பங்களின் தாகம்தான் ஸஃப்ராவை இடித்தது என்று வரும். பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம்.

வேலை போயிற்று. உலகத்தில் எந்த மேக நிலையமும் இனி அவளைச் சேர்த்துக்கொள்ளாது என்று கடிதத்தில் மரியாதையாக எழுதியிருந்தது. இதைக் காக்கா மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்தில்தான் இருந்தது.

மழைக்குப் பிறகு ஊருக்குக் கிளம்பும் வரை மூன்று வாரமும் வல்லி மனதுக்குள் ஒரு தராசை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டில் இரண்டு கோபுரம், ஆறு விரல் கைத்தடம், இயக்குநரின் குரல், தன்னுடைய படிப்பு. இன்னொரு தட்டில் முப்பத்தேழு குடும்பம், ஊறிய கிணறு. எத்தனை தடவை நிறுத்தாலும் இரண்டாவது தட்டுதான் இறங்கியது. அதனால்தான் அவளால் சாப்பிட முடிந்தது.

ஊருக்குப் போகும் நாளில் காக்கா வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். விமானம் மாலையில்.

"காக்கா, வாதி தல்ஹா வழியாப் போலாம்."

"ரோடு அடிச்சுட்டுப் போயிருக்கும்மா."

"போற வரைக்கும் போலாம். அவங்களை ஒரு தடவை பாக்கணும். கிட்டப் போய்ப் பேசக்கூட வேண்டாம். தூரத்துல இருந்து பாத்தாப் போதும்."

"ஃப்ளைட்டுக்கு நேரம் ஆயிரும்."

"நேரம் நெறைய இருக்கு."

காக்கா வண்டியை எடுத்தார். வழியெல்லாம் வழக்கமாக ஏதாவது ஒன்று பேசிக்கொண்டே வருவார். இன்று சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். ஸஃப்ரா இடப்பக்கம் வந்தது. இரண்டு பேரும் வலப்பக்கம் பார்த்தார்கள்.

பள்ளத்தாக்கின் வாயில் சாலை நிஜமாகவே முறிந்திருந்தது. காக்கா வண்டியை நிறுத்தினார். வல்லி இறங்கிப் படுகையில் நடந்தாள். தல்ஹா மரங்கள் ஆங்காங்கே நின்றன. உச்சியில் குடைபோல விரிந்து, முள் நிறைந்து, அவள் ஊர் உடைமரத்தின் சாடையில் இருந்தன. கிளைகள் பாதிக்கு மேல் காய்ந்து வெளுத்திருந்தன. ஆனால் மீதியில் பச்சை விட்டிருந்தது.

பிறகு தரையைப் பார்த்தாள். காலை எடுத்து வைக்க இடம் தேடி அப்படியே நின்றாள்.

"காக்கா, இங்க வாங்க. பாத்து, மிதிச்சிராதீங்க."

வண்டல் வெடிப்புகளுக்குள் விரல் நீளத்துக்குக் கன்றுகள். இரண்டு தடித்த இலை, நடுவில் இறகுபோல ஒன்று. பத்தோ நூறோ இல்லை. படுகை திரும்பும் இடம்வரை இருந்தன.

"இதோட விதைத் தோல் அவ்வளவு கெட்டி," என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் குரலில் உயிர் வந்திருந்தது. "சும்மா தண்ணி ஊத்தினா முளைக்காது. வெள்ளத்துல உருண்டு, கல்லுல உரசி, தோல் கிழியணும். அப்பத்தான் முளைக்கும். ஒன்பது வருசமா மண்ணுக்குள்ள சும்மா கிடந்திருக்கு."

காக்கா குந்தி உட்கார்ந்து ஒரு கன்றைப் பார்த்தார். தொடவில்லை.

"ஒண்ணு மட்டும் அவங்ககிட்டச் சொல்லிருங்க காக்கா. இந்த வருசம் ஆட்டை இந்தப் பக்கம் விடக் கூடாது. ஒரு நாள் மேய்ஞ்சாக்கூட ஒண்ணும் மிஞ்சாது. இத்தனை நாளா விடாம இருந்ததே பெருசு. அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு போல."

காக்கா எழுந்திருக்கவில்லை.

"வல்லி."

"ம்?"

"இங்க ஆடு கிடையாதும்மா."

"வித்துட்டாங்களா?"

"இங்க யாரும் கிடையாது."

வல்லி திரும்பிப் பார்த்தாள். மேட்டில் கல் வீடுகள் தெரிந்தன. ஒன்றிலும் கதவு இல்லை.

"ஒன்றரை வருசத்துக்கு முன்னாடியே எல்லாரையும் தலைநகரத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. அடுக்குமாடி வீடு குடுத்துருக்கு. கொழாயத் திறந்தாத் தண்ணி வருது. இயற்கைப் பிரிவு இணையத்துல அந்தப் பக்கத்த மாத்தல, அவ்வளவுதான். ஷம்ஸா பஸ் புடிச்சித்தான் நம்மகிட்ட வந்தாங்க."

"முப்பத்தேழுன்னு அவங்கதானே சொன்னாங்க?"

"நீங்க எத்தன குடும்பம் இருந்தீங்கன்னு கேட்டேன். முப்பத்தேழுன்னாங்க." அவர் மண்ணைப் பார்த்தே பேசினார். "பொய் சொல்லலம்மா. அவங்க சொன்னதக் குறைச்சேன். இருபது வருசமா எல்லார் பேச்சையும் குறைச்சுத்தான சொல்லுதேன். ஒருத்தருக்கும் அதனால ஒரு கெடுதல் வந்தது இல்ல."

வல்லிக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. கன்று இல்லாத இடம் இல்லை. நின்றாள்.

"விசாரணைக்கு முன்னாடி சொல்லிரலாம்னுதான் உன் ரூமுக்கு வந்தேன். நீ ட்ரோன் மேல பழியப் போடக்கூட ஒத்துக்கிடல. உன் மூஞ்சியப் பாத்துட்டு எனக்கு நாக்கு எழும்பல." நிறுத்தினார். "முழுசாச் சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா அந்த மேகத்த?"

 விட்டிருப்பேன் என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது. உண்மையா என்று தெரியவில்லை. தராசு ஞாபகம் வந்தது. அதன் இரண்டாவது தட்டில் இனி எதை வைப்பது என்று புரியாமல் நின்றாள்.

"அப்ப அவங்க எதுக்கு மழை கேட்டாங்க?" என்றாள். "அன்னிக்கு அவ்வளவு நேரம் பேசினாங்களே. என்ன சொன்னாங்க? குறைக்காமச் சொல்லுங்க காக்கா."

சதக்கத்துல்லா எழுந்து நின்றார். முதலில் ஷம்ஸா சொன்னதை அவர் சொன்னபடியே அரபியில் மெதுவாகச் சொன்னார். பிறகு ஒரு சொல்லும் கூட்டாமல் தமிழில் சொன்னார்.

"எங்களுக்குக் கால் இருந்துச்சு, நாங்க எழுந்து போயிட்டோம். மரத்துக்குக் கால் இல்ல. அதுங்களுக்குத்தான் கேக்கேன்."